வயிற்றுக்குக் கொடுத்த பொடி: சிகிச்சையில் இருந்த ஒரு சிறுவனின் இரத்தத்தில் ஈஸ்ட் கிருமி

சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையின் தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவில் தாதியாக வேலை செய்கிறேன். இதில் வரும் சிறுவன் எங்கள் குழந்தைப் புற்றுநோய்ப் பிரிவில் இருந்தவன். யாரென்று தெரியக்கூடாது என்பதற்காக ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்த வரிசையையும், நாங்கள் எடுத்த முடிவுகளையும், அவற்றில் இருந்த பிழைகளையும் மாற்றவில்லை. மருத்துவம், தாதிமை, மருந்தகம் ஆகிய துறைகளில் இருப்பவர்களுக்கும், மருத்துவமனையில் பிள்ளையின் பக்கத்தில் துணைக்குப் படுத்திருக்கும் அம்மா, அப்பா, பாட்டி, தாத்தா எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

பின்னணி

பையனுக்கு வயது 4, எடை 15 கிலோ. அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியா என்ற இரத்தப் புற்றுநோய். பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் இதுதான் அதிகம். இன்றைய சிகிச்சையில் பெரும்பாலான பிள்ளைகள் குணமாகிவிடுகிறார்கள். முதல் கட்டச் சிகிச்சையின் மூன்றாவது வாரத்தில் இருந்தான். வாரம் ஒருமுறை வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து ஊசி, தினமும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, நடுவில் அஸ்பராஜினேஸ் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்து. அந்தச் சமயத்தில் உடம்பில் நோய் எதிர்ப்புச் சக்தி ஏறக்குறைய இல்லை. கிருமியோடு முதலில் போராடும் நியூட்ரோஃபில் அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 100க்கும் கீழே போயிருந்தன. சாதாரணமாக 1,500க்கு மேல் இருக்க வேண்டும்.

அவன் நெஞ்சில் ஒரு ஹிக்மன் லைன் போட்டிருந்தோம். கழுத்துப் பக்கத்துப் பெரிய இரத்தக் குழாய்க்குள் ஒரு முனை போகும். மறுமுனை தோலுக்கு வெளியே இரண்டு கிளையாகப் பிரிந்து, ஒவ்வொன்றிலும் மூடியோடு தொங்கும். மருந்து, இரத்தம், இரத்தக்கசிவை நிறுத்தும் தட்டணுக்கள் எல்லாம் அந்த வழியாகத்தான் போகும். ஒவ்வொரு முறையும் கையில் குத்தாமல் இருக்க இது பெரிய வரம். ஆனால் அந்த மூடி இதயத்துக்கு நேராகப் போகிற வாசல். அதன் மேல் படுகிற எதுவும் சில விநாடிகளில் இரத்தத்துக்குள் போய்விட முடியும்.

நோய் தெரிந்த முதல் வாரத்தில் காய்ச்சல் வந்ததால் 7 நாள் ஆண்டிபயாட்டிக் கொடுத்தோம். அதற்குப் பிறகு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை, தண்ணியாக. மலச் சோதனைகளில் எதுவும் வரவில்லை. மருந்தால் குடல் சோர்ந்திருக்கிறது, தானாகச் சரியாகும் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். மருத்துவப்படி அது சரியான பதில்தான். ஆனால் இரவெல்லாம் பேம்பர்ஸ் மாற்றுகிறவர்களுக்கு அது பதிலாகப் படாது.

பேம்பர்ஸ் மாற்றியது பாட்டி. அப்பாவின் அம்மா, தமிழ்நாட்டிலிருந்து பேரனைப் பார்த்துக்கொள்ள வந்தவர். வீட்டில் இன்னொரு கைக்குழந்தை இருந்ததால் அம்மா பகலில் மட்டும் வருவார். அப்பாவுக்கு ஷிஃப்ட் வேலை. ஆக, ராத்திரி முழுக்கப் பாட்டிதான். ஆங்கிலம் தெரியாது. தமிழ் பேசும் தாதி இருக்கிற ஷிஃப்டில் பேசுவார். மற்ற நேரத்தில் கையைக் காட்டிப் புரியவைப்பார், சிரிப்பார். வார்டில் எல்லாருக்கும் அவரைப் பிடிக்கும்.

1ஆம், 2ஆம் நாள்

காய்ச்சல் வந்த நாளை 1ஆம் நாள் என்று வைத்துக்கொள்கிறேன். இரவு 11 மணிக்கு 38.4 டிகிரி. ஸ்டீராய்டு எடுக்கும் பிள்ளைக்குக் காய்ச்சல் மூடிக்கொண்டுதான் வரும், அதனால் இந்த அளவே எங்களுக்குப் பெரிய எச்சரிக்கை. பணியிலிருந்த மருத்துவர் லைனின் இரண்டு கிளைகளிலிருந்தும், கையிலிருந்தும் தனித்தனியாக பிளட் கல்ச்சர் (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் இரத்தச் சோதனை) எடுத்தார். ஒரு மணி நேரத்துக்குள் ஆண்டிபயாட்டிக் ஏறியது. இந்த இடத்தில் எல்லாமே முறையாக நடந்தது. கையிலிருந்தும் எடுத்தது பிற்பாடு மிகவும் உதவியது.

மறுநாள் இரவு 9 மணிக்கு ஆய்வகத்திலிருந்து அழைப்பு. லைனில் எடுத்த பாட்டிலில் 22 மணி நேரத்தில் வளர்ச்சி தெரிந்துவிட்டது. கண்ணாடித் துண்டில் சாயம் போட்டுப் பார்த்ததில் பாக்டீரியா இல்லை, மொட்டு விடும் ஈஸ்ட். கையிலிருந்து எடுத்த பாட்டில் 27 மணி நேரத்தில்தான் காட்டியது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் லைன் பாட்டில் முந்திக்கொண்டால் கிருமி லைனில் குடியிருக்க வாய்ப்பு அதிகம் என்பது பொதுவான கணக்கு. இங்கே ஐந்து மணி நேரம்.

இரத்தத்தில் ஈஸ்ட் என்றதும் எல்லார் மனதிலும் வருவது கேண்டிடா என்ற ஈஸ்ட் வகை. பெரும்பாலான நேரம் அதுதான் சரியாகவும் இருக்கும். சாயம் போட்ட அந்த ஒரு பார்வையில் எந்த ஈஸ்ட் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அன்றிரவு பேசிய ஆய்வக ஊழியர் மட்டும், "வழக்கமா பார்க்கிறதைவிடக் கொஞ்சம் பெரிசா இருக்கு" என்று சொல்லிவைத்தார். குறிப்பில் அதை எழுதினோம். எழுதியதோடு சரி.

முதல் முடிவு: அன்றிரவே மைக்கஃபங்கின் என்ற ஈஸ்ட் மருந்து, கிலோவுக்கு 2 மில்லிகிராம், அதாவது 30 மில்லிகிராம். இரத்தத்தில் ஈஸ்ட் இருக்கும்போது பெயர் தெரியும்வரை காத்திருப்பது ஆபத்து. அசோல் வகை ஈஸ்ட் மருந்துகள் வேண்டாம் என்று முடிவு செய்ததற்குத் தனிக் காரணம் இருந்தது. வோரிகொனசோல், போசகொனசோல், இட்ரகொனசோல் போன்றவை வின்கிரிஸ்டின் உடம்பைவிட்டு வெளியேறுவதைத் தடுக்கும். வின்கிரிஸ்டின் தேங்கினால் நரம்புகள் கெடும், குடல் அசையாமல் நிற்கும், வலிப்புகூட வரலாம். லுகேமியாப் பிள்ளைக்கு ஈஸ்ட் மருந்து எழுதும் எவரும் மருந்து அட்டையில் முதலில் பார்க்க வேண்டியது வின்கிரிஸ்டின் தேதியைத்தான்.

3ஆம் நாள்

காலைச் சுற்றில் தொற்றுநோய் மருத்துவர் வந்தார். இது கேண்டிடா இல்லையென்றால் வேறு எதுவாக இருக்கலாம் என்று இளம் மருத்துவர்களுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னார். அது வெறும் பாடம் இல்லை. ஒவ்வொரு பெயரும் ஒரு கேள்வியைக் கொண்டுவரும். டிரைக்கோஸ்போரான், ரோடோடொருலா, மலசீசியா ஆகிய மூன்றின் மேலும் மைக்கஃபங்கின் வகை வேலை செய்யாது. ரோடோடொருலா தட்டில் இளஞ்சிவப்பாக வளரும், அதனால் சீக்கிரம் தெரிந்துவிடும். மலசீசியா கொழுப்பைத் தின்று வளர்வது. இரத்தக் குழாய் வழியாகக் கொழுப்புச் சத்து ஏறும் குறைமாதக் குழந்தைகளிடம் வரும். ஆய்வகத்தில்கூடத் தட்டின் மேல் ஆலிவ் எண்ணெய் ஊற்றினால்தான் அதில் பெரும்பாலான வகைகள் வளரும். அமெரிக்காவில் பச்சிளங்குழந்தைப் பிரிவு ஒன்றில் பரவிய மலசீசியா, ஊழியர்கள் வீட்டில் வளர்த்த நாய்களோடு தொடர்புடையது என்று 1998இல் கட்டுரை வந்தது. இந்தியாவில் சண்டிகரில் 1996 ஏப்ரல் தொடங்கி 1998 பிப்ரவரி வரை ஒரே மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகளும் சிறுவர்களுமாக 379 பேருக்கு பிச்சியா அனோமலா என்ற ஈஸ்ட் பரவியது. அரிய கிருமி என்பதற்காக ஒருவரோடு நின்றுவிடும் என்று அர்த்தமில்லை.

அந்தப் பேச்சில் சாக்கரோமைசிஸ் என்ற பெயரும் வந்தது. "ரொட்டி ஈஸ்ட்" என்று அவர் சொன்னதும் யாரோ, "வார்டில் யாருக்கும் புரோபயாட்டிக் கொடுப்பதில்லையே" என்றார்கள். வயிற்றுக்கு நல்லதென்று கொடுக்கும் உயிருள்ள நுண்ணுயிர்தான் புரோபயாட்டிக். மருந்து அட்டையைப் பார்த்தோம், இல்லை. அடுத்த பெயருக்குப் போனோம்.

அன்று காலை எடுத்த கல்ச்சரும் பிறகு ஈஸ்ட் காட்டியது. காய்ச்சல் 39.1. லைனை எடுத்துவிட வேண்டும் என்று தொற்றுநோய் மருத்துவர் சொன்னார். அறுவை சிகிச்சைக் குழு தயங்கியது. தட்டணுக்கள் 18,000தான். இரத்தம் உறையும் பொருளும் அஸ்பராஜினேஸ் காரணமாகக் குறைவு. கையில் நல்ல இரத்தக் குழாயும் இல்லை. தட்டணு ஏற்றிவிட்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று முடிவானது. யாரும் அலட்சியமாக எடுத்த முடிவில்லை அது. ஆனாலும் அந்த ஒரு நாள் கிருமிக்குக் கிடைத்த ஒரு நாள்.

இன்னொரு விஷயமும் அன்று நடந்தது, பின்னால் திரும்பிப் பார்க்கும்போது எனக்கு அதிகம் வலிப்பது அதுதான். இளம் மருத்துவர் ஒருவர் பொறுப்பாகப் பாட்டியிடம் கேட்க முயன்றார். மொழி தெரியாததால் அப்பாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். வெளியிலிருந்து ஏதாவது மருந்து, மூலிகை, சத்துப்பொருள் தருகிறார்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அப்பா வேலையிடத்திலிருந்து, இரைச்சலுக்கு நடுவில், அம்மாவிடம் இப்படிக் கேட்டார்: "அம்மா, நாட்டு மருந்து ஏதாச்சும் குடுத்தியா?"

"ஐயோ, இல்லப்பா. அதெல்லாம் குடுக்கலையே."

மருத்துவர் குறிப்பில் எழுதினார்: வெளி மருந்து எதுவும் இல்லை, குடும்பத்திடம் உறுதி செய்யப்பட்டது.

மூன்று பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள். மருத்துவர் சரியாகக் கேட்டார். அப்பா தனக்குப் புரிந்தபடி கேட்டார். பாட்டி நாட்டு மருந்து எதுவும் கொடுக்கவில்லை.

4ஆம் நாள்: பெயர் தெரிந்தது

மதியம் 12 மணிக்கு, கிருமியின் இனத்தைக் கண்டறியும் மால்டி-டாஃப் கருவியின் முடிவு வந்தது. சாக்கரோமைசிஸ் செரிவிசியே. ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் அதே இனம். அழைத்துச் சொன்ன நுண்ணுயிரியல் மருத்துவர் பெயரைச் சொன்ன கையோடு கேட்டார்: "பிள்ளைக்கு யாரோ புரோபயாட்டிக் கொடுக்கிறார்கள். யார்?"

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. இந்த இனத்தின் ஒரு வகைதான் சாக்கரோமைசிஸ் பௌலார்டி. பிரெஞ்சு அறிவியலாளர் ஆன்றி பௌலார் 1920களில் இந்தோசீனாவில் இதைப் பிரித்தெடுத்தார். காலரா பரவிய நேரத்தில் அங்கிருந்த மக்கள் லைச்சி, மங்குஸ்தான் பழத்தோலைப் பயன்படுத்தியதைக் கவனித்துக் கண்டெடுத்தது என்று சொல்வார்கள். இன்று வயிற்றுப்போக்குக்கு உலகம் முழுக்கக் கொடுக்கப்படுகிறது. பொதுவாக, நல்ல ஆரோக்கியமான பிள்ளைக்கு இதனால் கெடுதல் இல்லை. தமிழ்நாட்டில் பேதிக்குப் போகும் குழந்தைக்கு உப்பு சர்க்கரைக் கரைசலோடு இந்தப் பொடியையும் மருத்துவர்கள் எழுதித் தருவது சாதாரணம். வழக்கமான 250 மில்லிகிராம் அளவில் சுமார் 500 கோடி உயிருள்ள ஈஸ்ட் இருக்கும்.

சிங்கப்பூரிலும் சத்துணவுத் துணைப்பொருளாக விற்பதற்குச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டியதில்லை. விற்கிறவரும் இறக்குமதி செய்கிறவருமே பொறுப்பு. அதனால் ஒரு குடும்பத்திடம் இந்தப் பொடி இருந்தால், அது எந்த மருத்துவப் பதிவிலும் தெரியாது.

நான் வார்டுக்குப் போனேன். பையன் தூங்கிக்கொண்டிருந்தான். பாட்டி கட்டிலின் பக்கத்து நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். முதலில் அவர் சாப்பிட்டாரா என்று கேட்டேன். சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை. மூன்று நாளாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று தெரியும். அப்புறம் மருந்து என்ற வார்த்தையே எடுக்காமல் கேட்டேன்.

"பாட்டி, அவனுக்கு வயிறு போயிக்கிட்டே இருந்துச்சே, அப்ப என்னென்ன குடுத்தீங்க?"

"என்னம்மா குடுக்கறது, இங்க குடுக்கற கஞ்சிதான். ரெண்டு வாய் குடிப்பான். மாதுளம்பழ ஓட்டைக் கொதிக்கவெச்சுக் குடுக்கலாம்னு பார்த்தேன், இங்க எங்க அடுப்பு? அதான் வயித்துப் பொடிய கரைச்சுக் குடுத்தேன்."

"என்ன பொடி பாட்டி?"

"நல்ல கிருமிப் பொடிம்மா. இவங்கப்பன் சின்னப்புள்ளையா இருக்கறப்ப இல்ல, இப்ப பேரப்புள்ளைங்களுக்கெல்லாம் ஊர்ல டாக்டரே எழுதிக் குடுக்கறாரு. வரும்போது ரெண்டு அட்டை வாங்கியாந்தேன்."

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு துணிப்பை எடுத்தார். உள்ளே தைலம், திருநீறு மடித்த காகிதம், பையனின் சாக்ஸ், அதற்குக் கீழே சின்னச் சின்ன அலுமினியப் பொட்டலங்கள். ஒன்பது மிச்சம் இருந்தன. ஐந்து நாளாகக் காலையிலும் இரவிலும் ஒவ்வொன்று கொடுத்திருக்கிறார். எப்படிக் கொடுப்பீர்கள், செய்து காட்டுங்கள் என்று ஒரு காலிப் பொட்டலத்தைக் கையில் கொடுத்தேன். சாப்பாட்டு மேசையை இழுத்துப் பையனின் நெஞ்சுக்கு நேராக வைத்தார். பொட்டலத்தை இரண்டு விரலால் தட்டினார், பொடி அடியில் இறங்குவதற்காக. மேல்முனையைக் கிழித்தார். கிண்ணத்தில் கவிழ்த்து அடியில் சுண்டினார். அப்புறம் அதே கையால், பையனின் சட்டைக்குள்ளிருந்து நழுவி வந்திருந்த லைனை எடுத்துப் பத்திரமாக உள்ளே செருகினார். "இது மாட்டிக்கிட்டா புள்ளைக்கு வலிக்கும்ல."

போர்வையின் மடிப்பில் விரலை வைத்துப் பார்த்தேன். வெளிறிய பழுப்பில், மாவைவிட மெல்லிய பொடி. முகர்ந்தால் ரொட்டிக் கடை வாசம்.

அவர் கை கழுவாதவர் இல்லை, எங்களில் சிலரைவிட நன்றாகவே கழுவுவார். பிரான்சில் செய்து 2000இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு பொட்டலத்தைத் திறந்தால் ஒரு மீட்டர் தள்ளிக்கூடக் காற்றில் இந்த ஈஸ்ட் கிடைத்தது. நன்றாகக் கழுவிய பிறகும் திறந்தவரின் கையில் இருந்தது. பொடியே சாப்பிடாத, பக்கத்துக் கட்டில் நோயாளிகளுக்கு இந்தத் தொற்று வந்த நிகழ்வுகளும் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியிருக்கின்றன. ஐரோப்பிய மருந்து முகமை 2017இல், மோசமான நிலையில் இருப்பவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் இதைக் கொடுக்கவே கூடாது என்று அறிவித்தது. மைய இரத்தக் குழாயில் லைன் உள்ளவர்களுக்கு அதற்கு முன்பே தடை இருந்தது.

4ஆம் நாள்: முடிவுகள்

பொட்டலங்களை உறையிலிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினோம். கட்டில், கம்பி, மேசை, இழுப்பறை எல்லாவற்றிலும் மாதிரி எடுத்த பிறகு முழுவதும் துடைத்து, துணிகளை மாற்றினோம். பையனைக் குளிப்பாட்டி வேறு அறைக்கு மாற்றினோம். நான்கு கட்டில் அறை அது. பக்கத்துக் கட்டிலில் இருந்த சிறுமிக்கும் லைன் இருந்தது. காய்ச்சல் இல்லாததால் அவளுக்குக் கல்ச்சர் எடுக்கவில்லை. மூடிகளை மாற்றினோம், அவள் பெற்றோரிடம் காரணத்தைச் சொன்னோம், இரண்டு வாரம் தினமும் பார்த்தோம். அவளுக்கு ஒன்றும் வரவில்லை. அவள் மேசை விளிம்பில் எடுத்த மாதிரியில் ஈஸ்ட் வளர்ந்தது என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

லைன் அன்று மாலையே எடுக்கப்பட்டது. பெயர் தெரிந்த பிறகு தயக்கத்துக்கு இடமில்லாமல் போனது. தட்டணு ஏறிக்கொண்டிருக்கும்போதே எடுத்தார்கள். இரத்தப்போக்கு இல்லை. கையில் ஒரு சின்ன ஊசிக்குழாய் போட மூன்று தாதியர், நாற்பது நிமிடம்.

மருந்தை லைபோசோமல் ஆம்ஃபோடெரிசின் பி-க்கு மாற்றினார்கள், கிலோவுக்கு 3 மில்லிகிராம். மைக்கஃபங்கின் தோற்றுவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. லைன் உள்ளே இருக்கும்போது, ஒன்றரை நாளில் எந்த மருந்தையும் அப்படிச் சொல்ல முடியாது. இந்த ஈஸ்டுக்கு ஆம்ஃபோடெரிசினில்தான் அதிக அனுபவம் இருக்கிறது, வின்கிரிஸ்டினோடும் மோதாது என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்கு ஒரு விலை உண்டு, அது சிறுநீரகத்தின் வழியாகப் பொட்டாசியத்தை இழக்கவைக்கும். 6ஆம் நாள் பையனின் பொட்டாசியம் 2.6க்கு இறங்கி, தினம் இரண்டு வேளை இரத்தம் எடுத்து ஈடுகட்ட வேண்டியிருந்தது.

குடும்பத்திடம் சொன்னது

மருத்துவர் அப்பா அம்மாவை மட்டும் தனியறைக்கு அழைத்துச் சொல்வதாக இருந்தார். பாட்டியும் இருக்க வேண்டும், தமிழில் சொல்ல வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டேன். வீட்டுக்குப் போய் வேறு யார் வாயிலிருந்தாவது அவர் கேட்டால், கேட்கிற வடிவம் வேறாக இருக்கும்.

பாட்டி முழுவதையும் கேட்டார். பிறகு, "நாந்தான் எம்புள்ளைக்கு விஷத்தக் குடுத்துட்டனா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அந்த அறையில் யாரும் தயாராக இல்லை. அவர் மகன் தலையைக் குனிந்துகொண்டார். தான் போனில் கேட்ட கேள்வி அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது என்று பிறகு என்னிடம் சொன்னார்.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பாட்டி, இது விஷம் இல்லை. ஊர்ல மத்த புள்ளைங்களுக்கு இது நல்லதுதான் செஞ்சிருக்கு. இவன் உடம்புல இப்ப காவல் இல்லை, நெஞ்சுல ஒரு வாசல் திறந்திருக்கு. அத உங்ககிட்ட உக்காந்து சொல்லியிருக்க வேண்டியது நாங்க. சொல்லலை." மருத்துவரும் தன் பங்குக்கு மன்னிப்புக் கேட்டார். வார்டில் சேரும்போது கொடுக்கும் கையேட்டில் வெளி மருந்து கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. பாட்டி வந்தது இரண்டாவது வாரத்தில், அவருக்குக் கையேடு யாரும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் அது ஆங்கிலத்தில் இருந்தது.

அன்றிரவு பாட்டி கட்டிலைத் தொடப் பயந்தார். பையன் தண்ணி கேட்டபோதுகூடத் தாதியைக் கூப்பிட்டார். அடுத்த நாள் எங்கள் வார்டுத் தாதி ஒருவர் அவரை அழைத்து, கை கழுவி, லைன் இல்லாத அந்த நெஞ்சில் ஈரத்துணியால் துடைத்துவிடச் சொன்னார். யாரும் எழுதிக் கொடுக்காத சிகிச்சை அது. அதற்கப்புறம்தான் பாட்டி சாப்பிட்டார்.

பிறகு நடந்தது

5ஆம் நாள் எடுத்த கல்ச்சரிலிருந்து எதுவும் வளரவில்லை. 7ஆம் நாள் காய்ச்சல் நின்றது. ஈஸ்ட் இரத்தத்தில் இருந்தால் வேறு இடங்களில் போய் ஒட்டிக்கொள்ளும் என்பதால் இதயத்தை எக்கோவிலும் வயிற்றை ஸ்கேனிலும் பார்த்தோம், கண் மருத்துவர் விழித்திரையைப் பார்த்தார். எல்லாம் சுத்தம். நியூட்ரோஃபில் ஏறிய பிறகு வயிற்று ஸ்கேனை இன்னொரு முறை எடுத்தோம். கல்லீரல், மண்ணீரலில் உள்ள புள்ளிகள் அணுக்கள் திரும்பும்போதுதான் தெரியவரும். அதிலும் ஒன்றும் இல்லை. முதல் சுத்தமான கல்ச்சரிலிருந்து 14 நாள் கணக்கிட்டு, 19ஆம் நாளோடு மருந்து முடிந்தது. புற்றுநோய்ச் சிகிச்சை ஒரு வாரம் தள்ளிப்போனது. 20ஆம் நாள் வீட்டுக்குப் போனான்.

பொட்டலத்திலிருந்து வளர்ந்ததும் அதே இனம். ஆனால் மால்டி-டாஃப் கருவியால் ரொட்டி ஈஸ்டையும் பௌலார்டியையும் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் மரபணு ஒப்பீட்டுக்கு அனுப்பினோம். ஆறு வாரம் கழித்து வந்த முடிவில் இரத்தத்தில் இருந்ததும் பொட்டலத்தில் இருந்ததும் ஒன்றே என்று தெரிந்தது. எந்த வழியாக நுழைந்தது என்பதை மட்டும் யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. மருந்தால் புண்ணான குடல் வழியாகவும் போயிருக்கலாம். ஐந்து மணி நேர வித்தியாசமும், பாட்டி செய்து காட்டியதும் லைனைத்தான் காட்டுகின்றன என்பது என் எண்ணம்.

என்ன மாற்றினோம், என்ன மாறவில்லை

முதலில் மாற்றியது கேள்வியை. "வேறு மருந்து எடுக்கிறீர்களா" என்பது இப்போது எங்கள் தாளில் கடைசிக் கேள்வி. அதற்கு முன் வயிற்றுக்கு, சளிக்கு, தூக்கத்துக்கு, பலத்துக்கு என்ன கொடுப்பீர்கள் என்று தனித்தனியாகக் கேட்கிறோம். தமிழ்த் தாளை எழுதும்போது வாக்குவாதமே நடந்தது. "நுண்ணுயிர்ச் சேர்ப்பி" என்று ஒருவர் எழுதிக் கொண்டுவந்தார். தூய தமிழ்தான், ஆனால் எந்தப் பாட்டி அதைப் படித்துத் துணிப்பையைத் திறப்பார்? "வயிற்றுக்குக் கரைத்துக் கொடுக்கும் பொடி" என்று வைத்தோம். நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் மொழிபெயர்ப்பாக இல்லாமல், அந்தந்த மொழி பேசும் தாதியர் வீட்டில் சொல்கிற மாதிரி எழுதினார்கள். துணைக்கு இருக்கும் ஆள் மாறும் ஒவ்வொரு முறையும் மறுபடி கேட்கிறோம். வாயால் கேட்பதோடு, பையில் இருப்பதை எடுத்துக் காட்டச் சொல்கிறோம். குடும்பத்தினரைப் போனில் மொழிபெயர்க்க வைப்பது அவசரத்துக்கு மட்டும்.

லைன் வைத்த பிள்ளைகள் இருக்கும் அறைகளில் உயிருள்ள புரோபயாட்டிக் எதையும் திறக்கக்கூடாது என்பதும் விதியானது. அறைக்குள் என்று குறிப்பிட்டுச் சொல்கிறோம், ஏனென்றால் பக்கத்துக் கட்டிலும் கணக்கில் உண்டு. இரத்தத்தில் ஈஸ்ட் என்று தெரிந்தால் அன்றே அறுவை சிகிச்சைக் குழுவையும் இரத்த வங்கியையும் சேர்த்து அழைக்கிறோம். 3ஆம் நாள் தயக்கம் திரும்ப வராமல் இருக்க இது உதவுகிறது.

மாறாததும் இருக்கிறது. இந்த விதி புற்றுநோய்ப் பிரிவிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் மட்டும்தான். பொதுக் குழந்தைகள் வார்டிலும் சில பிள்ளைகளுக்கு லைன் இருக்கிறது, அங்கே இன்னும் வரவில்லை. அதை எழுதி அனுப்பியிருக்கிறேன். ஆய்வக ஊழியர் சொன்ன "கொஞ்சம் பெரிசா இருக்கு" போன்ற வார்த்தைகளை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதற்கும் இன்னும் வழி இல்லை. அதைத் தொற்றுநோய் மருத்துவரிடம் நேராகச் சொல்லியிருந்தால் 3ஆம் நாள் காலையில் சாக்கரோமைசிஸ் என்ற பெயரை நாங்கள் அவ்வளவு எளிதாகத் தாண்டியிருக்க மாட்டோம் என்று நினைக்கிறேன்.

புதிய தாள் வந்த இரண்டாவது மாதம், மலாய்க் குடும்பம் ஒன்று பிள்ளையைச் சேர்க்க வந்தது. தாதி மலாயில் அந்தக் கேள்வியைக் கேட்டார். பாட்டி உடனே கைப்பையைத் திறந்து, கேட்காத மாத்திரை, எண்ணெய் எல்லாவற்றையும் மேசையில் பரப்பினார். நடுவில் அதே மாதிரி அலுமினியப் பொட்டலங்கள் நான்கு, திறக்கப்படாமல் இருந்தன.